தண்ணீர்மேல் உட்கார்ந்த மொஹாபி

லெசோத்தோ மலைகளில் கட்டிய புது அணை நிரம்பிய அன்று காலை, செத்துப் பல வருஷமான மொஹாபி கிழவர் தன் பழைய மாட்டுப்பட்டிக்கு நேர் மேலே தண்ணீரின்மீது உட்கார்ந்திருந்தார். தோளில் கம்பளி, வாயில் புகைக்குழாய். கம்பளி நனையவில்லை. அந்த வாரம் ஆட்டு ரோமம் நல்ல விலைக்குப் போனதால் ஹா மொலாய் ஊர்க்காரர்கள் முதலில் அதைத்தான் பேசினார்கள். பிறகுதான் கிழவர் பக்கம் பேச்சு திரும்பியது. ஏன் அங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்ததுதான். எல்லோரையும்விட அவருடைய மூத்த மகன் தங்கிசோவுக்கு நன்றாகத் தெரியும்.

மலையைத் தின்ன முடியாது என்பதால் இந்த நாட்டு ஆண்கள் சுற்றியிருக்கும் பெரிய தேசத்தின் தங்கச் சுரங்கங்களுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். சுரங்கங்கள் ஆள் குறைத்ததும் அவர்கள் திரும்பிவந்தார்கள், அவர்களுக்குப் பதிலாக அந்தத் தேசத்துக்குத் தண்ணீர் விலைக்குப் போக ஆரம்பித்தது. அதற்காகப் பள்ளத்தாக்கு முழுகியது. முழுகும் முன் மாட்டுப்பட்டிகளை ஒட்டியிருந்த கல்லறைகளைப் பெயர்த்து மேட்டுக்குக் கொண்டுபோனார்கள். அப்படிப் பெயர்க்கும்போது மூத்த மகன் குழியோரம் நின்று, "அப்பா, நாங்க இடம் மாறுறோம், இதுதான் வழி, பின்னாலயே வாங்க" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் எலும்பு மட்டும்தான் வரும், ஆள் வரமாட்டார்.

தங்கிசோ அப்போது அணை ஆபீசில் மொழிபெயர்ப்பு வேலையில் இருந்தான். கழுத்தில் டை. அப்பாவின் குழியைத் தோண்டிய நேரம் பார்த்து அணை கட்ட வந்த வெளிநாட்டு இஞ்சினியரும் வந்து நின்றார். "எலும்புகிட்டயா பேசுவீங்க?" என்றார். கேலியாகக்கூட இல்லை, தெரியாமல்தான் கேட்டார். தங்கிசோ சிரித்தான். "அதெல்லாம் கிழடுகட்டைங்க வழக்கம் சார். நாங்க அப்படியெல்லாம் கிடையாது." பெட்டி லாரியில் ஏறியது. சொல்ல வேண்டியதை அவன் மனசுக்குள் சொல்லிக்கொண்டான் என்பதும் உண்மைதான். ஆனால் மொஹாபி சுரங்கத்தில் பாறையைத் துளைத்துத் துளைத்துக் காது மந்தமானவர். உயிரோடு இருந்தபோதே கத்தினால்தான் கேட்கும்.

வருஷங்கள் போயின. மீன் பிடிக்கிறவர்கள் படகைக் கிழவருக்கு ஒதுங்கியே ஓட்டினார்கள், போகிறபோக்கில் வணக்கமும் வைத்தார்கள். வெளியூர்க்காரர்கள் கேட்டால் தங்கிசோ, "யாரோ மீன்காரர்" என்று மொழிபெயர்த்துவிடுவான். சொன்ன ஒவ்வொரு தடவையும் அவனுக்குக் காது மடல் சுட்டது. விடியுமுன், ஊர் எழும் முன் கரைக்குப் போய், பக்கத்து வீட்டுக் கோழியைத் திருட்டுத்தனமாகக் கூப்பிடுகிற குரலில் "அப்பா, அப்பா" என்று கூப்பிட்டுப் பார்ப்பான். கிழவர் திரும்பமாட்டார்.

ஒரு குளிர்காலத்தில் ஏரியோரம் பனிக்கட்டியாக உறைந்தபோது கிழவருக்கு இருமல் வந்தது. அந்த இருமல் எல்லா வீட்டிலும் கேட்டது. சோளக்களியைத் தட்டில் போட்டுவிட்டு ஊரே கை நிறுத்திக் காத்திருக்கும், அது ஓயட்டும் என்று. தங்கிசோவின் மனைவி மாபுலெங் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள்.

"என் மாமனாரை ஊர் வேடிக்கை பார்க்க வெளியில உட்கார வச்சிட்டு எப்படிங்க உங்களுக்குக் களி இறங்குது?"

"நான் கூப்பிடாமலா இருக்கேன்?"

"நீங்க கூப்பிடறது எனக்கே கேக்கல. அவருக்கா கேக்கும்?"

அதே மாதம் இஞ்சினியர் விருந்தாளிகளோடு வந்தார். ஊரும் கரையில் கூடியிருந்தது. கோட்டுப் போட்ட ஒரு பெரிய மனிதர் தண்ணீரைக் காட்டி, யார் அந்தக் கிழவர் என்று கேட்டார். தங்கிசோவுக்கு "மீன்காரர்" என்ற சொல் நாக்குவரை வந்துவிட்டது. கிழவர் இருமினார். ஊரில் ஒருவரும் தங்கிசோவைப் பார்க்கவில்லை, எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

"எங்கப்பா!" என்று கத்தினான். "அப்பா! நாங்க இடம் மாறிட்டோம்! இதுதான் வழி! வாங்கப்பா!"

மொஹாபி திரும்பினார். புகைக்குழாயைத் தட்டிக் கம்பளிக்குள் வைத்துக்கொண்டு எழுந்து, வயல் வரப்பில் வருகிறவர்போல நிதானமாகத் தண்ணீர்மேல் நடந்து கரையேறினார்.

"அன்னைக்கே கூப்பிட்டிருக்கணும்பா," என்று அவர் காதோரம் உரக்கச் சொன்னான் தங்கிசோ. "வெக்கமா இருந்துச்சு."

"தெரியும்டா," என்றார் கிழவர், காது கேளாதவர்களுக்கே உரிய உரத்த குரலில். "குழிக்குள்ளேருந்து உன் மூஞ்சியைப் பார்த்தேனே. அத்தனை பெரிய மனுஷங்க முன்னாடி நான் எழுந்து உன் பின்னால வந்தா உனக்குத்தான் தலைகுனிவு. அதான் பேசாம இருந்துட்டேன்."

தங்கிசோவால் தலையைத் தூக்க முடியவில்லை. கூட்டம் வழிவிட்டது. இது புது ரோடுப்பா, இது பள்ளிக்கூடம்பா, இங்க பள்ளம்பா, பார்த்து வாங்க என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டே மேடேறினான். மொஹாபி ஒவ்வொன்றையும் நின்று பார்த்து, சரி சரி என்று தலையாட்டியபடி பின்னால் போனார்.