மூன்றாம் நாள் பிளாஸ்க்

மீன் மார்க்கெட்டில் ஏலம் கூவுகிறவருக்குத் தொண்டை கட்டினால் பிழைப்பில் மண்தான். 'வெண்கலம்' என்று பேரெடுத்தவருக்கு அன்று வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வந்தது. மச்சினன் கூவிப் பார்த்தான். காக்காய் பறந்தது, விலை ஏறவில்லை.

எதிர்க்கடையில் ஏலம் கூவுகிற 'இடி', பத்து வருஷமாக முகம் கொடுத்துப் பேசாத மனுஷர், ஒரு பிளாஸ்க்கைக் கொண்டுவந்து வைத்தார். "அதிமதுரமும் இஞ்சியும் போட்ட டீ. எங்க வீட்ல தொண்டைக்கு இதுதான் மருந்து. கொஞ்சம் கொஞ்சமா குடி."

நான் ஊமையானால் இவனுக்குத்தானே கொண்டாட்டம், என்னத்தைக் கலந்திருக்கிறானோ என்று வெண்கலம் அதைக் கடையோரச் சாக்கடையில் ஊற்றிவிட்டார். மறுநாளும் பிளாஸ்க் வந்தது. அதையும் ஊற்றினார். மூன்றாம் நாள் கடைக்கு வந்திருந்த மனைவி ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, "வீம்பு பிடிக்காம குடிங்க" என்று கையில் திணித்தாள். இதமான இனிப்பு தொண்டையில் இறங்கியது. அதற்குப் பிறகு ஒரு சொட்டு மிச்சம் வைக்கவில்லை.

ஒரு வாரத்தில் குரல் கணீரென்று திரும்பியது. பிளாஸ்க்கைக் கழுவி எடுத்துக்கொண்டு எதிர்க்கடைக்குப் போனார்.

"அண்ணே, ரொம்ப நன்றி. ஆனா முதல் ரெண்டு நாள்..."

"ஊத்திட்டே. பார்த்தேன்" என்றார் இடி, தராசைத் துடைத்தபடியே. "நீ குடிக்கிற வரைக்கும் கொண்டாந்திருப்பேன். எதிர்ல நீ கத்தாம எனக்குக் கூவவே வரலைடா."