நேற்றைய அப்பா

தாணேயில், அலுவலக மேசைக்குக் கீழே கைபேசியை மறைத்துக்கொண்டு ரஞ்சனா அப்பாவைப் பார்த்தாள். மாட்டுங்கா வீட்டின் ஜன்னலோர நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். முகத்தைச் சுற்றிப் பச்சைக் கட்டம். கீழே 'இருக்கிறார்' என்ற எழுத்து.

அப்பா ஜம்புவுக்குக் கொஞ்ச காலமாக நினைவு தவறிக்கொண்டிருந்தது. பகல் முழுக்கத் துணைக்கு ஆள் கிடைக்காமல் ரஞ்சனாவே காவலுக்கு ஒரு கணினி நிரல் எழுதினாள். நிரல் ஓடுவது கிளவுட் நோட்புக்கில், அதாவது எங்கோ தூர தேசத்துக் கணினி ஒன்றில். அதற்குக் கண் கிடையாது. வீட்டிலிருக்கும் பழைய லேப்டாப்பின் கேமராதான் பிரவுசர் வழியாக அதற்குப் படம் அனுப்பும். அப்பா நாற்காலியை விட்டுப் போனால் அவள் கைபேசி அலறும்.

"மாமா என்ன பேங்க் லாக்கரா, கேமரா வெக்கறதுக்கு?" என்று எதிர் ஃபிளாட் நிகில் கேலி செய்திருந்தான்.

திரையில், ஜன்னல் கம்பியில் ஒரு காக்கை வந்து உட்கார்ந்தது. அப்பா கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்து மாட்டிக்கொண்டார். வாசல் பக்கம் ஒரு பார்வை. காக்கை பறந்தது. ரஞ்சனா சிரித்துக்கொண்டாள்.

சற்று நேரம் கழித்து மறுபடி பார்த்தாள். காக்கை வந்தது. அதே கம்பி. அப்பா கண்ணாடியைத் துடைத்தார். அதே நுனி. வாசல் பக்கம் அதே பார்வை. இன்னொரு தடவையும் அதே காக்கை வந்தபோது அவளுக்குப் புரிந்தது.

நேற்று மாலை நிரலில் ஒரு பிழையைத் திருத்தினாள். சோதிப்பதற்காக அப்பாவை உட்கார்ந்து எழச் சொல்லிப் படுத்தாமல், அவரைச் சிறிது நேரம் வீடியோ எடுத்து, அதையே கேமரா என்று நோட்புக்கை நம்பவைத்தாள். படம் முடிந்தால் முதலிலிருந்து ஓடும். சோதனை முடிந்ததும் அந்த ஒரு வரியை மாற்றி நிஜக் கேமராவைத் திரும்ப வைக்க வேண்டும். அதற்குள் அப்பா பசிக்கிறது என்றார். அவள் எழுந்து போனாள்.

காலையிலிருந்து அவள் பார்த்துக்கொண்டிருந்தது நேற்றைய அப்பாவை.

நிகிலைக் கூப்பிட்டு ஓடிப் போய்ப் பார்க்கச் சொன்னாள்.

"அக்கா, கதவு தெறந்து கெடக்கு. மாமா இல்ல. ஷூவையும் காணோம்."

ஆபீஸுக்கு மட்டுமே அவர் ஷூ போடுவார். ஓய்வு பெற்றதை மறந்துவிட்டார். "ஸ்டேஷனுக்குப் போடா," என்றாள்.

முதலில் வந்த ஃபாஸ்ட் லோக்கல் ரயிலில் ஏறிவிட்டாள். அது மாட்டுங்காவில் நிற்காது. தாதரில் இறங்கித் திரும்பி வரவேண்டும். ஆனாலும் அதுதான் சீக்கிரம். கதவோரக் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். மழைச்சாரல் முகத்தில் அடித்தது. சயான் ஸ்டேஷன் கடந்து போயிற்று.

மாட்டுங்கா வந்தது. வேகம் குறையவில்லை. குடைகளுக்கு நடுவே அப்பா நின்றார். பையை நெஞ்சோடு அணைத்து, நடைமேடை விளிம்பில் வலது காலை முன்வைத்து, வண்டி நிற்குமுன் தாவி ஏறும் பழைய பம்பாய்க்காரனின் நிலையில். அவர் பார்த்துக்கொண்டிருந்தது இந்த வண்டியைத்தான். ஏறுவதற்காகக் கால் எழும்பியது.

பிறகு ஒரு தூண், ஒரு சுவர், மழை.

வண்டி பிரேக் போடுமா என்று உடம்பெல்லாம் காதாக நின்றாள். போடவில்லை. ஆள் அடிபட்டது தெரியாமலே போய்க்கொண்டிருக்குமோ? தாதரில் இறங்கினாள். கைபேசி ஒலித்தது. நிகில். எடுக்கவே பயமாக இருந்தது.

"புடிச்சுட்டேன்க்கா. காலரைப் புடிச்சு இழுத்தேன். திட்டறார். வீடியோல காட்டறேன், பாருக்கா."

"படம் வேண்டாம்டா. பேசச் சொல்லு."

மழை இரைச்சல். பிறகு சிடுசிடுப்பான குரல்: "யாரு?"

"நான்தாம்ப்பா, ரஞ்சனா."

"ரஞ்சனா ஆபீஸ் போயிருக்கா. சாயங்காலம் கூப்பிடுங்கோ."

அவர் வைத்துவிடவில்லை. தவறிப்போன வண்டியைப் பற்றி முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். கைபேசியைக் காதோடு அழுத்தியபடி, மாட்டுங்காவில் நிற்கும் ஸ்லோ லோக்கல் வரும் நடைமேடையை நோக்கி அவள் படியேறினாள்.