ஆறாத துணிகள்

கரிந்த துணிக்கட்டைத் தீயணைப்பு அதிகாரி இடுக்கியால் பிளந்தார். நடுவில் ஒரு துணி மட்டும் நான்கு மடிப்பு கலையாமல் இருந்தது. நோலின் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். மக்காய் ஊரின் சர்க்கரை ஆலைக்குப் பின்னாலிருக்கும் அந்த கிளப்பின் சமையலறையில், துடைக்கிற துணிகளை ஒன்பது வருடமாகத் துவைத்து, உலர்த்தி, மடிப்பவள் அவள்தான்.

காலை எட்டு மணி. நேற்று இரவு பிடித்த தீ அணைந்திருந்தது. யாருக்கும் காயமில்லை. சலவை அறை மட்டும் கூரைவரை கறுத்துப்போய், நனைந்து நாறியது. யார் செய்ததென்று மேலாளர் கெரி அதற்குள் முடிவு செய்துவிட்டாள். சமையல்காரன் டாரல் புகைபிடிப்பது அந்த அறையின் பின்வாசலில்தான்.

"கடைசியில கிளப்பையே கொளுத்திட்டியே, டாரல்."

"நேத்து சாயங்காலம் அஞ்சு மணிக்கே சிகரெட்டை அணைச்சிட்டுப் போயிட்டேன் கெரி. வாளித் தண்ணியில போட்டுத்தான் அணைச்சேன்."

"நீ பொரிக்கிற மீன் மாதிரிதான் அணைச்சிருப்ப. மேல கறுப்பு, உள்ள பச்சை."

டாரலுக்கு அறுபத்தொரு வயது. இங்கிருந்து அனுப்பினால் வேறு எந்தச் சமையலறையும் அவனைச் சேர்க்காது.

அதிகாரி எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டார். "சிகரெட்தான்னு என்னால சொல்ல முடியல. எண்ணெய்த் துணி எவ்வளவு துவைச்சாலும் முழுசாப் போகாது. டிரையர்ல இருந்து சூடா எடுத்து நெருக்கி அடுக்கினா, உள்ளேயே புழுங்கி நாலஞ்சு மணி நேரத்துல தானா பத்திக்கும். கடைசியில சூடில்லாத வெறும் காத்து ஓடி ஆறவைக்குமே, அதை முழுசா ஓடவிட்டாங்களா?"

"நோலினா? அவ எதையும் பாதியில விடமாட்டா," என்றாள் கெரி. "அப்ப சிகரெட்தான்."

நேற்று ஒரு சாவு விருந்து. நூற்றிருபது தட்டுகள். அது முடிந்தபோது நோலினின் விரல் முட்டிகள் வீங்கியிருந்தன. நாலரை மணி பஸ்ஸை விட்டால் அடுத்தது ஆறரைக்கு. துணி ஆற இன்னும் பதினோரு நிமிடம் என்று டிரையர் காட்டியது. கதவைத் திறந்துவிட்டாள். கொதிக்கக் கொதிக்க வந்த துணிகள் விரல்களுக்கு இதமாக இருந்தன. அதற்காகவே ஒவ்வொன்றையும் அழுத்தி அழுத்தி மடித்தாள். எண்பது துணிகள். ஆறிய பிறகே மடிக்க வேண்டும் என்று சுவரில் ஒட்டியிருந்த தாளில் அவள் கையெழுத்தும் உண்டு. இப்போது அந்தச் சுவரில் தாள் இல்லை.

பேசாமல் இருந்தாலே போதும். இத்தனை வருடமாக அவளிடம் எல்லோரும் எதிர்பார்த்ததும் அதைத்தான். அவளுக்கு அலுப்பாக இருந்தது. பயம்கூட அந்த அலுப்புக்குப் பின்னால்தான் வந்தது.

"சமையலறைச் சாவியைக் கொடு, டாரல்," கெரி கையை நீட்டினாள்.

அவன் வளையத்திலிருந்து சாவியைக் கழற்றப் பார்த்தான். அது சிக்கிக்கொண்டது. நகத்தால் நெம்பினான்.

"பதினோரு நிமிஷம் பாக்கி இருந்துச்சு," என்றாள் நோலின்.

"எதுல?" என்றாள் கெரி.

"டிரையர்ல. நான்தான் முன்னாடியே திறந்தேன். சூட்டோடதான் மடிச்சேன்."

அதிகாரி எழுதுவதை நிறுத்தினார். டாரல் பாதி கழன்ற சாவியோடு அவளையே பார்த்தான். கெரியின் விரித்த உள்ளங்கை யாரை நோக்கி என்றில்லாமல் மூவருக்கும் நடுவே நீண்டே இருந்தது. கூரையிலிருந்து ஒரு சொட்டுக் கரித்தண்ணீர் அதில் விழுந்தது. அவள் கையை எடுக்கவில்லை.