ஓட்டை அடைத்த காலணி

கையுறை போட்டுக்கொள்ளச் சொன்னபோதே எலியாஸ் கீஜிக்குக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கைக்குழந்தையாக அவன் காலில் கிடந்த காலணி. அதைத் தொட அவனுக்கே வெள்ளைக் கையுறையாம்.

மியூசியத்து மேஜைமேல் அட்டைப்பெட்டி. உள்ளே, சுண்டுவிரல் நீளத்துக்கு இரண்டு மான்தோல் காலணிகள். மேலே சிவப்புப் பூ. அம்மா முள்ளம்பன்றி முள்ளை ஒவ்வொன்றாக வாயில் ஊறவைத்து, பல்லால் இழுத்துத் தட்டையாக்கித் தைத்தது. சீட்டில் "செய்தவர் பெயர் தெரியவில்லை" என்றிருந்தது. பாவிகள், கேட்டிருந்தால் சொல்லியிருப்பாளே.

அம்மாவின் ஏழு பிள்ளைகளும் அதைப் போட்டு வளர்ந்தவர்கள். அடியில் அம்மா வேண்டுமென்றே ஓர் ஓட்டை போட்டிருந்தாள். அவர்கள் பழங்குடியில் கைக்குழந்தைக்கு அப்படித்தான். செத்தவர்கள் வந்து கூப்பிட்டால், "என் செருப்பு ஓட்டை, அவ்வளவு தூரம் நடக்க முடியாது" என்று பிள்ளை சொல்லித் தப்பித்துக்கொள்ளும். ஒரு பஞ்சக் குளிர்காலத்தில் மாவுக்கும் தேயிலைக்கும் அம்மா அதை ஒரு வெள்ளைக்காரனிடம் கொடுத்தாள். அதற்குப் பின் பிறந்த எட்டாவது, நாற்பது நாள்கூடத் தங்கவில்லை.

இப்போது எலியாஸின் மகன் ஆறு தெரு தள்ளி ஆஸ்பத்திரியில், கண்ணாடிப் பெட்டிக்குள், மூச்சுக்குழாயோடு கிடக்கிறான். இவனுக்கு முன் இரண்டு போய்விட்டன. அவற்றுக்கும் புதிதாகத் தைத்து, ஓட்டை போட்டு, மாட்டித்தான் பார்த்தார்கள். "அத்தை போட்ட ஓட்டைதான் இவனப் புடிச்சு வெக்கும்" என்று மனைவி வெரோனா ஒற்றைக்காலில் நின்றாள்.

எலியாஸ் காலணியைத் திருப்பினான். ஓட்டையைக் காணோம். மற்றதைத் திருப்பினான். அதிலும் இல்லை. வட்டமாக ஒரு தோல் துண்டு, சுற்றிலும் பொடித் தையல்.

"யாரு தெச்சது இதை?"

பொறுப்பாளர் ஹால்ஸ்டெட் கோப்பைப் புரட்டினாள். சின்னப் பெண், நல்லவள்தான். "அறுபத்தெட்டுல... அடிப்பக்கம் சேதம், சரி பண்ணியாச்சுன்னு போட்டிருக்கு."

"அது சேதம் இல்லம்மா. அதுதான் விஷயமே."

காலணியை வாங்கிப்போகக் கூட வந்திருந்த அக்கா ஜெனிவீவ், பாசிமணி வேலைக்கு வைத்திருந்த கத்தரிக்கோலைப் பையிலிருந்து எடுத்தாள். "தள்ளுடா. ரெண்டு வெட்டு, முடிஞ்சுது."

"வேணாங்க, என் வேலை போயிடும். டைரக்டர்கிட்ட கேட்டுட்டு வந்துடறேன். பத்தே நிமிஷம்."

"ஒங்க டைரக்டரக் கேட்டுட்டா எங்கம்மா முள்ள வாயில போட்டா?"

"விடுக்கா," என்றான் எலியாஸ். "சண்டை போட்டா குடுக்காமப் போயிடுவாங்க. முறையா வாங்கிட்டுப் போவோம்."

இந்த ஒரு வார்த்தையை நினைத்து நினைத்து அவன் சாகிறவரை தலையில் அடித்துக்கொள்ளப் போகிறான்.

ஹால்ஸ்டெட் சொல்லிவிட்டுப் போன பத்து நிமிஷம் முக்கால் மணி ஆயிற்று. சுவரில் இருந்த ஃபோன் அடித்தது. ஆஸ்பத்திரியில் கொடுத்துவிட்டு வந்த நம்பர் அதுதான். அக்கா எடுத்தாள். "சொல்லு வெரோனா" என்றாள். ரிசீவரை வைக்கத் தோன்றாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எப்போ?" என்று கேட்டான்.

"இப்பத்தான்டா. அஞ்சு நிமிஷம்கூட ஆகல."

கத்தரிக்கோல் மேஜைமேல் கைக்கெட்டும் தூரத்தில்தான் இத்தனை நேரமும் கிடந்தது. எலியாஸ் அதை எடுத்து அக்காவின் பைக்குள் போட்டான்.

ஹால்ஸ்டெட் மூச்சிரைக்க ஓடிவந்தாள். கையில் கையெழுத்துப் போட்ட தாள். "சரின்னுட்டார். வெட்டிக்கலாம். மூணு நாளைக்கு எடுத்துட்டும் போகலாம்."

"வெட்ட வேணாம்மா. போயிட்டான்." கையுறைகளைக் கழற்றி வைத்தான். "இனிமே ஓட்டை இருக்கக் கூடாது. அவன் நடக்கணும். ஒங்க ஆளுங்க நல்லாத்தான் தெச்சிருக்காங்க."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணில் நீர் முட்டியது. "எடுத்துட்டுப் போங்க."

"மூணு நாள் பத்தாது. செத்தவங்க போற வழி நாலு நாள் நடை. போட்டுட்டுப் போறவன் திருப்பிக் கொண்டாந்து குடுக்கவும் மாட்டான்."

அவள் தாளைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். "அப்போ... அதுக்கு மறுபடியும் கேக்கணுங்க."

"கேட்டுட்டு வா" என்று எலியாஸ் நாற்காலியில் உட்கார்ந்தான்.