எட்டுச் செலவுக்கு ஒரு பியர்

யசீகரன் செத்த ஏழாம் நாள் காலை, ஒக்லாந்தின் புறநகரான தகனினியில் அவன் வீட்டுச் சமையலறை மேசையில் ஒரு விஸ்கிப் போத்தல் வந்து உட்கார்ந்தது. கொண்டுவந்தவர் கேதீஸ்வரன். செத்தவனின் தகப்பன் சபாரத்தினத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி. ஒக்லாந்தில் எந்தத் தமிழ் வீட்டில் சாவு விழுந்தாலும் அடுத்து என்ன செய்யவேண்டும் என்பதை யாரும் கேட்காமலே சொல்லக்கூடியவர்.

மறுநாள் எட்டுச் செலவு. செத்தவனுக்கு வாய்க்குப் பிடித்ததை எல்லாம் சமைத்து, இலையில் படைத்து, அறைக் கதவைச் சாத்திவிட்டு வெளியே காத்திருக்கவேண்டும். அவன் வந்து சாப்பிட்டுப் போவான். குடிக்கிறவனாக இருந்தால் குடிப்பதையும் வைக்கவேண்டும். அதில் வெட்கம் பார்ப்பதில்லை. உயிரோடு இருந்தபோது ஒளித்து வைத்ததை எல்லாம் எட்டாம் நாள் சொந்தபந்தம் முன்னிலையில் வரிசையாக அடுக்கிவிடுவார்கள்.

இறால் உரித்துக்கொண்டிருந்த நிருஜா போத்தலைப் பார்த்தாள். யசீகரனின் மனைவி.

"அவர் விஸ்கி குடிக்கிறேல்லை," என்றாள். "பியர்தான்."

எந்தப் பியர் என்று கேதீஸ்வரன் கேட்டார். வாங்கிவர ஆள் அனுப்பலாம், அது ஒரு விஷயமே இல்லை என்றார். நிருஜா இறாலைக் கீழே வைத்தாள். பதிலைக் கேட்டவருக்குச் சொல்லாமல், மூலையில் இருந்த மாமனாரைப் பார்த்துச் சொன்னாள்.

"தெரியாது. மாமா ஏசுவார் எண்டு ஒருநாளும் வீட்டுக்குள்ள கொண்டுவரேல்லை."

சபாரத்தினம் சாவகச்சேரியில் தபாலதிபராக இருந்து ஓய்வுபெற்றவர். வயது எழுபத்து மூன்று. சாராயத்தின் பெயரைச் சொன்னாலும் வாய் கொப்பளிக்கிற ரகம். இரண்டு வருடத்துக்கு முன் சான்ட்ரிங்ஹாமில் ஒரு பிறந்தநாள் விழாவில் மகன் காதோடு ஏதோ சொல்லக் குனிந்தபோது மணம் பிடித்தார். அன்றோடு மகனுடன் பேச்சு நின்றது. ஒரே கூரை, ஒரே சாப்பாட்டு மேசை. ஆனால் முப்பத்தெட்டு வருடத் தபால் சேவை வீண்போகவில்லை. வீட்டுக்குள்ளேயே ஒரு கிளை அலுவலகம் திறந்து, மருமகளைத் தபால்காரி ஆக்கிவிட்டார். "பிள்ளை, உன்ர மனிசனிட்டச் சொல்லு, புல்லு வெட்டோணும் எண்டு" என்பார். இரண்டடி தள்ளி உட்கார்ந்திருக்கும் மகன், மழை என்று அப்பாவிடம் சொல்லச் சொல்வான். நிருஜா இரண்டு பக்கமும் திரும்பிச் சொல்லுவாள். கடிதம் ஒன்றுகூடத் தவறியதில்லை.

வெள்ளிக்கிழமைகளில் மட்டும் மகன் காரை வீட்டில் விட்டுவிட்டு ரயிலில் வேலைக்குப் போவான். சபாரத்தினம் ஜன்னலால் அந்தக் காரைப் பார்ப்பார். ஏன் நிற்கிறது என்று அவருக்குத் தெரியும். போன வெள்ளிக்கிழமை காலை, குப்பைத் தொட்டியை வெளியே வைக்கச் சொல்லு என்று மருமகளிடம் ஒப்படைத்தார். அதற்குள் மகன் படி இறங்கிவிட்டிருந்தான். பின்னேரம் எல்லர்ஸ்லி ரயில் மேடையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். நாற்பத்து நான்கு வயது. அந்த ஒரு செய்தி மட்டும் பட்டுவாடா ஆகவில்லை.

"நான் போய் வாங்கிறன்," என்றார் சபாரத்தினம்.

கேதீஸ்வரன் உடனே சாவுத் துடக்கை, தீட்டை, ஞாபகப்படுத்தினார். முப்பத்தொரு நாள் துடக்கு வீட்டுக்காரர் கோயிலுக்குப் போகக்கூடாது, பிறர் வீட்டு வாசலை மிதிக்கக்கூடாது. பியர் விற்கிற இடம் இதில் எந்த வகை என்று சபாரத்தினம் கேட்டார். அதைப் பற்றிக் கேதீஸ்வரனின் புத்தகங்களில் எதுவும் இல்லை.

பின்னேரம் மூன்று மணிக்குப் பழனிவேல் கார் கொண்டுவந்தான். திருச்சிக்காரன். எல்லர்ஸ்லி ஆபீசில் ஆறு வருடம் யசீகரனுக்குப் பக்கத்து நாற்காலி. அவனுக்கும் எந்தப் பியர் என்று தெரியாது. ஆனால் குடிக்கப் போகிற இடம் தெரியும்: ரயில் பாதையோரம், பியர் காய்ச்சி அங்கேயே விற்கிற ஒரு சின்ன ஆலை. வெள்ளிக்கிழமைகளில் யசீகரன் தனியாகத்தான் போவான், யாரையும் கூப்பிட மாட்டான். ஒரு தடவை ரயில் ஜன்னல் வழியாகச் சுட்டிக் காட்டியிருக்கிறான்.

டயர்க் கடைக்கும் குளியலறைச் சாமான் கிடங்குக்கும் நடுவில் இருந்தது அது. தகரக் கூரை. உள்ளே ஆளுயரத்துக்கு மேல் பியர் ஊறும் எஃகுத் தாங்கிகள், நீண்ட மரக் கவுண்டர், சுவரில் பன்னிரண்டு குழாய்கள். ஊறவைத்த தானியத்தின் மணம் அடித்தது. சபாரத்தினம் செத்தவீட்டுக்கு என்று வாங்கிய கறுப்புக் கோட்டோடு கவுண்டருக்கு முன்னால் போய், தபால் கந்தோரில் முத்திரை வாங்க வந்தவர்போல் நின்றார்.

கவுண்டரில் நின்ற பெண்ணின் பெயர் மெரே என்று சட்டையில் குத்தியிருந்தது. பழனிவேல் கைப்பேசியில் படத்தைக் காட்டி விஷயத்தைச் சொன்னான். அவள் படத்தை வெகுநேரம் பார்த்தாள். இவருடைய பெயர் எனக்குத் தெரியாது, நான்கு மணிக்காரர் என்றுதான் சொல்வோம் என்றாள். போன வெள்ளியும் வந்தார். அந்தக் கடைசி மேசை. கிழவரின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். சபாரத்தினத்துக்கு அது பழக்கமில்லை. ஆனால் கையை இழுக்கவில்லை.

எது குடிப்பான் என்று கேட்டதற்கு அவளால் சொல்ல முடியவில்லை. நான்கு மணிக்காரர் ஒருநாளும் பெரிய கிளாஸ் எடுத்ததில்லை. எப்போதும் ருசிபார்க்கும் தட்டுத்தான்: ஒரு பலகை, அதில் நான்கு குழி, நான்கு சின்னக் கிளாஸ். பன்னிரண்டில் எந்த நான்கையும் எடுக்கலாம். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் யார் எதை எடுத்தார் என்று ஞாபகம் இருக்காது என்று சொல்லி, அதற்காக மன்னிப்பும் கேட்டாள்.

"அப்ப எனக்கும் அந்தத் தட்டைத் தரச் சொல்லும், தம்பி," என்றார் சபாரத்தினம். "நான் பெத்தவன். அவன்ர வாய் எனக்குத் தெரியும்."

பழனிவேல் கார் ஓட்டவேண்டும். குடிக்கக்கூடிய ஒரே ஆள், குடியே தொடாத ஆள்.

கடைசி மேசையில் தட்டு வந்தது. வெளிர் மஞ்சள், கலங்கல், இளஞ்சிவப்பு, கறுப்பு. சபாரத்தினம் எந்தப் பாத்திரத்திலும் வாய் வைத்துக் குடிப்பவரல்ல. வீட்டில் தேத்தண்ணிகூட அண்ணாந்துதான். முதல் கிளாசை முகத்துக்கு மேலே ஒரு சாண் உயர்த்தி, அண்ணாந்து, ஊற்றினார்.

பியர் அப்படிக் குடிக்கும் சாமான் இல்லை. நுரை வாயை நிரப்பி, மூக்கால் திரும்பிவந்து, மூக்குக்கண்ணாடி வழியாகக் கோட்டுக்கு இறங்கியது. பக்கத்து மேசைக்காரர் தன் நாயை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். மெரே கடதாசித் துடைப்பான் கட்டு ஒன்றைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

"அங்கிள், வாய் வச்சுக் குடிச்சாத்தான் இதுல ருசியே தெரியும்," என்றான் பழனிவேல்.

"வாய் வைக்கிறதெண்டால் பிறகு குடிகாரனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?"

இரண்டாவதையும் மூன்றாவதையும் அதே உயரத்திலிருந்து ஊற்றினார். கை கொஞ்சம் பழகியிருந்தது. முதலாவது வில்லங்கம் இல்லாத சாமான் என்றார். கலங்கலில் தோடம்பழத் தோல் மணக்கிறது. இளஞ்சிவப்பு இங்கத்தைய ஃபீஜோவாப் பழத்தில் செய்தது, புளிக்கிறது. நாலாவது, கறுப்பு, ஸ்டவுட். தொண்டையில் இறங்கியதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இது மனிசர் குடிக்கிறதே? கரிச்சட்டி கழுவின தண்ணி. இதை அவன் தொட்டிருக்கவே மாட்டான்."

முதலாவதே போதும் என்று முடிவாயிற்று. பழனிவேல் வாங்க எழுந்தான். சபாரத்தினம் மூக்கைக் கழுவிக்கொள்ளப் போனார்.

கழிப்பறைக்குப் போகும் ஒடுங்கிய வழியில் ஒரு தக்கைப் பலகை. தட்டோடு கொடுக்கும் சின்ன அட்டையில் நான்கு வரி இருக்கும், குழாய் இலக்கமும் அபிப்பிராயமும் எழுத. எழுதியவர்கள் அதைப் பலகையில் குத்திவிட்டுப் போவார்கள். எல்லாம் ஆங்கிலம். சபாரத்தினம் கடந்துபோய், இரண்டடி திரும்பி வந்தார். பலகையின் இடது மூலையில் தமிழ் இருந்தது. தபால் கந்தோர்க்காரன் எதை மறந்தாலும் கையெழுத்தை மறக்கமாட்டான். வலது பக்கம் சரியும் அந்த எழுத்தை ஏழு வயதிலிருந்து நிமிர்த்தப் பார்த்துத் தோற்றவர் அவர்.

பதினொரு அட்டைகள்.

பிறர் கடதாசியை ஒருநாளும் வாசித்தறியாத மனிதர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதலாவதை வாசித்தார்.

*இரண்டாம் குழாய்: குறை சொல்ல இடமில்லை. குடித்த ஞாபகமும் இல்லை.*

*ஐந்தாம் குழாய்: எங்கள் மேனேஜரின் கூட்டம் போல. மணம் பெரிது. உள்ளே ஒன்றும் இல்லை.*

*ஒன்பதாம் குழாய்: பக்கத்து வீட்டார் வேலிக்கு மேலால் தந்த ஃபீஜோவா. வாங்கும்போது சிரிப்பு. பிறகு வயிறு.*

*ஏழாம் குழாய்: அப்பா. கறுப்பு, கசப்பு, தடிப்பு. இனி வேண்டாம்.*

அடுத்த அட்டையில் முதல் மூன்று வரியும் வேறு குழாய்கள். நாலாவது மட்டும் ஏழு.

*அப்பா. மறந்துபோய் எடுத்துவிட்டேன்.*

அதற்கடுத்த அட்டையிலும் ஏழு. அதற்கடுத்ததிலும். மற்றவை வாரத்துக்கு வாரம் மாறின. ஏழு எல்லா அட்டையிலும் கடைசி வரியில் இருந்தது.

*அப்பா. முகத்தைத் திருப்புகிறார். நானும்.*

*அப்பா. அரைக் கிளாஸ் தாண்டினால் இளகுகிறார். அதுவரை யார் இருப்பது.*

*அப்பா. இருந்து பார்த்தேன். உண்மைதான்.*

பதினோராவது அட்டையில் போன வெள்ளிக்கிழமைத் திகதி.

*அப்பா. ஒன்றும் கதைக்கவில்லை. சும்மா இருந்தோம்.*

மெரே கிளாஸ் அடுக்கிய தட்டோடு அந்த வழியாக வந்தாள். அழகான எழுத்து, அதனால்தான் கழற்றவில்லை என்றாள். என்ன எழுதுகிறீர்கள் என்று ஒருமுறை கேட்டாளாம். எல்லாம் மிக நல்ல அபிப்பிராயங்கள் என்று முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல் சொன்னாராம். கிழவரின் முகத்தைப் பார்த்ததும் அவள் தட்டைக் கீழே வைத்துவிட்டு, ஒவ்வொரு ஊசியாகக் கழற்றி, பதினொன்றையும் அவர் கையில் கொடுத்தாள்.

சபாரத்தினம் அவற்றைத் தட்டி ஓரம் சேர்த்து, கோட்டின் உள்பையில் வைத்தார். பிறகு கவுண்டருக்குப் போய், மஞ்சள் பியருக்கு வங்கி அட்டையை நீட்டிக்கொண்டிருந்த பழனிவேலின் கையைப் பிடித்தார்.

"அது வேண்டாம். ஏழாம் நம்பர்."

"அங்கிள், அது அந்தக் கறுப்பு. கரிச்சட்டின்னீங்க."

"ஓம். அதுதான்."

மெரே குழாயிலிருந்து ஒரு பழுப்புப் போத்தலில் பிடித்துக் கொடுத்தாள். இரண்டு நாளைக்குள் குடித்துவிட வேண்டும், பிறகு உயிர் போய்விடும் என்றாள். சொன்ன பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

மோட்டர்வேயில் வீடு திரும்பினார்கள். சபாரத்தினம் போத்தலை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தார். கோட்டுப் பையிலிருந்து எட்டிப்பார்த்த அட்டைகளில் என்ன எழுதியிருக்கிறது என்று மனுகாவ் தாண்டும்போது பழனிவேல் கேட்டேவிட்டான்.

"எனக்கு வந்த கடிதம், தம்பி. விலாசம் போடேல்லை. அதால பிந்திப்போச்சு."

மறுநாள் வெள்ளிக்கிழமை பின்னேரம் படைத்தார்கள். இறால் பொரியல், கணவாய்க் கறி, முட்டைத் தோசை, அவன் கராஜில் ஒளித்து வைத்துத் தின்கிற சொக்கலேட். கேதீஸ்வரன் தன் விஸ்கியையும் ஒரு ஓரத்தில் வைத்தார். இருந்துவிட்டுப் போகட்டும் என்றார். யசீகரனின் படத்துக்கு நேர் முன்னால் சபாரத்தினம் ஸ்டவுட்டைக் கிளாசில் ஊற்றி வைத்தார். கதவைச் சாத்தினார்கள். வெளியே எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.

அரை மணித்தியாலத்தின் பின் கதவைத் தட்டித் திறந்தார்கள். கிளாசில் நுரை அடங்கியிருந்தது. படைத்ததை வீட்டார் பங்கிட்டுச் சாப்பிடவேண்டும் என்பது முறை. இலையில் இருந்ததை நிருஜா எடுத்துக்கொண்டு போனாள். சனம் பின்னால் போயிற்று. கிளாசை மட்டும் ஒருவரும் தொடவில்லை. அந்த வீட்டில் அதைக் குடிக்க ஆள் இல்லை.

சபாரத்தினம் படத்துக்கு முன்னால் சம்மாணம் கொட்டி உட்கார்ந்தார். கிளாசை எடுத்தார். பழக்கத்தில் கை மேலே போயிற்று. பாதியில் நின்று, இறங்கியது. விளிம்பை வாயில் வைத்து ஒரு மிடறு குடித்தார். முகத்தைத் திருப்பவில்லை.

மிச்சத்தை எடுக்க வந்த நிருஜா அவர் உதடு அசைவதைப் பார்த்தாள். இரண்டு வருடப் பழக்கம். வந்து படத்துக்கும் அவருக்கும் நடுவில் நின்றாள். என்ன சொல்லவேண்டும் என்று கேட்பவள்போல் மாமனாரைப் பார்த்தாள்.

"நீ போய்ச் சாப்பிடு, பிள்ளை," என்றார் சபாரத்தினம். "நானே கதைக்கிறன்."

அவள் விலகினாள். கதவை மெல்லச் சாத்தியபோது, கிளாசில் பியர் இன்னும் அரைவாசிக்குக் கொஞ்சம் மேலே நின்றது.