கேட்டால் மட்டும் திறக்கும் திரை

1

மதிப்பிற்குரிய வாசகருக்கு வணக்கம். இக்கதை ஒரு படிவத்தின் கடைசிக் கட்டத்தில் பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அக்கட்டத்துக்குக் ‘குறிப்புகள்’ என்று பெயர். இருநூறு எழுத்துகளுக்கு மேல் அது வாங்காது. ஒரு பிற்பகல் அது நிரம்பிவிட்டது. மேற்கொண்டு எவ்வளவு தட்டியும் எழுத்து விழவில்லை. அப்படி விழாமல் போனவைதாம் இவை.

என் பணியையும் சொல்லிவிட வேண்டும். ஒரு கார் இன்ஷூரன்ஸ் நிறுவனத்தில், பாலிசி புதுப்பிக்கும் பிரிவினர் வாடிக்கையாளர்களோடு தொலைபேசியில் பேசுவதைப் பதிவிலிருந்து கேட்டு மதிப்பெண் இடுபவன் நான். பேசுகிறவர்கள் இரண்டாம் மாடியில் இருக்கிறார்கள். நான் நான்காம் மாடியில், ஜெராக்ஸ் இயந்திரத்துக்குப் பின்னால் இருக்கிறேன். இதற்கு முன் கதை எழுதியதில்லை. பிழைகளைப் பொறுத்தருள வேண்டுகிறேன்.

2

முதலில் இவ்வாறு தொடங்கினேன்:

சன்னலோரம் அமர்ந்திருந்த அவள், தன் நீண்ட விரல்களால் ஹெட்போனைச் சரிசெய்துகொண்டு

நிறுத்திவிட்டேன். அவர் சன்னலோரம் அமர்கிறாரா என்பது எனக்குத் தெரியாது. விரல்களையும் பார்த்ததில்லை. முன்பின் பார்த்திராத பெண்மணியை ‘அவள்’ என்று எழுதக் கை கூசியது. அவருடைய மேசை எண் ஏழு. ‘ஏழாம் நம்பர் அக்கா’ என்று மாடியில் அழைப்பது பதிவுகளில் பின்னணியாகக் கேட்கும். நானும் அக்கா என்றே எழுதுகிறேன். வயதில் எனக்கு இளையவராக இருந்தால் மன்னிப்பாராக.

இரண்டாவதாக இப்படி முயன்றேன்:

நெடுநாள் வாடிக்கையாளருக்கு விலை கூடுவதும் புதுமுகத்துக்கு விலை குறைவதும் இன்றைய வணிகத்தின்

இது கட்டுரையாகிவிட்டது. ஆனாலும் இந்தச் செய்தி இல்லாமல் கதை விளங்காது. ஆகவே சுருக்கமாக:

ஆண்டுதோறும் பாலிசியைப் புதுப்பிக்கும்போது விலை சிறிது ஏறும். வாய் திறவாமல் கட்டிவிடுகிறவர்களுக்கு அடுத்த ஆண்டு இன்னும் சிறிது ஏறும். அதே கார், அதே தெரு, விபத்தே இல்லாத அதே ஓட்டுநர். ஆனால் இன்றுதான் முதன்முதலாக எங்களிடம் வருகிறார் என்றால் ஏறக்குறைய பாதி விலை. விட்டுப் போகமாட்டார் என்று கணினி நம்புகிற வாடிக்கையாளரின் பெயரருகே ஒரு பச்சைப் புள்ளி தோன்றும். ஆண்டுகள் கூடக்கூட அது அடர்ந்துகொண்டே போகும். விசுவாசத்துக்கு எங்கள் நிறுவனம் கொடுத்திருக்கும் நிறம் அது.

புதியவருக்கான விலை ஓர் இரண்டாம் திரையில் இருக்கிறது. அதை எல்லா மேசையிலும் திறக்கலாம். எப்போது திறக்கலாம் என்பதற்கு ஒரு விதி உண்டு: ‘வாடிக்கையாளர் தாமாக விலையைப் பற்றிக் கேட்டால் மட்டும்.’ கேட்கும்படி தூண்டக்கூடாது. தூண்டியது மூன்று முறை உறுதியானால் வேலை போய்விடும்.

[விதியை எழுதியவர் கெட்டவராக இருக்க வேண்டும் என்பதில்லை. அவருடைய காருக்கும் எங்காவது ஒரு பச்சைப் புள்ளி இருக்கக்கூடும்.]

3

இனி என் வெட்கத்தைச் சொல்கிறேன். படிவத்தில் ‘மௌனம்’ என்றொரு வரி உண்டு. பேச்சில் ஆறு வினாடி இடைவெளி விழுந்தால் திரையில் சிவப்புக் கோடு வரும். நான் மதிப்பெண் குறைக்க வேண்டும். ஏழாம் மேசையில் சிவப்புக் கோடுகள் மிகுதி. நான்கு மாதம் நான் குறைத்துக்கொண்டே வந்தேன். அவருடைய கணினி மெதுவானது என்று எண்ணி ஒருமுறை பரிதாபப்பட்டும் குறைத்தேன்.

ஐந்தாம் மாதத்தில்தான் உறைத்தது. பச்சைப் புள்ளிக்காரர்களிடம் மட்டுமே அந்த மௌனம் விழுகிறது. அக்கா சென்ற ஆண்டு விலையைச் சொல்வார். இந்த ஆண்டு விலையைச் சொல்வார். ஒவ்வோர் இலக்கத்தையும் தனித்தனியே, தெளிவாக. அப்புறம் ஒன்றும் சொல்லமாட்டார். தூண்டுவது குற்றம், பேசாமலிருப்பதற்கு மதிப்பெண் மட்டுமே குறையும். அவர் தம் மதிப்பெண்ணைச் செலவழித்து முன்பின் அறியாதவர்களுக்கு யோசிக்க நேரம் வாங்கிக்கொண்டிருந்தார்.

[இங்கே ஓர் உவமை எழுதி அடித்துவிட்டேன். அக்காவின் வேலை அதைவிட நன்றாக இருந்தது.]

அந்த மௌனத்தை மக்கள் எதிர்கொண்ட விதமும் அழகு. வாடகை வேன் ஓட்டும் பெரியவர் ஒருவர்:

“என்னம்மா, விலையச் சொல்லிட்டு நீங்களே மயக்கம் போட்டுட்டீங்களா?”

“இல்லைங்க, இருக்கேன்.”

“நீங்க இருக்கீங்க, நான்தான் விழுந்துட்டேன். இது என்ன இன்ஷூரன்ஸா, இல்ல இன்னொரு வண்டியா?”

“விலையப் பத்திக் கேக்கறீங்களாங்க?”

“பின்ன, உங்க உடம்பு சௌக்கியமான்னா கேட்டேன்?”

“பாக்கறேங்க.” இரண்டாம் திரை திறந்தது.

இன்னொரு பதிவில் கணவர் வாயடைத்து நிற்க, பின்னாலிருந்து மனைவியின் குரல்: “கேளுங்களேன்! என்கிட்ட மட்டும் காய்கறிக் கணக்கு கேக்கத் தெரியுது?” அன்று அந்த அம்மையாருக்கு மதிப்பெண் போட என் படிவத்தில் இடமில்லையே என்று வருந்தினேன்.

4

குழுத் தலைவர் ஒருநாள் என் மேசைக்கு வந்தார். அக்காவின் பெயரில் ஏற்கெனவே இரண்டு தூண்டல்கள் உறுதியாகியிருந்தன. அவற்றுள் ஒன்று, வெறும் இருமல்.

“தம்பி, ஏழாம் நம்பர் பேசறது எல்லாம் இழுத்துட்டே போகுது. இந்த மாசம் முழுக்க அவங்களை நீங்கதான் கேக்கறீங்க. மூணாவது மாட்டினா சொல்லுங்க.”

“மாட்டலேன்னா சார்?”

“மாட்டலேன்னா மாட்டலேன்னு எழுதுங்க. நான் என்ன அவங்களுக்குப் பங்காளியா, சண்டை போட? எனக்கே அதுல பதினாலு வருஷப் பச்சைப் புள்ளி இருக்கு.”

“நீங்க குறைக்கச் சொல்லிக் கேட்டதில்லையா சார்?”

“நம்ம ஆபீஸ்லயே போய் எப்படிய்யா கேக்கறது?” என்று சிரித்துவிட்டுப் போனார்.

[இவரைக் கொடியவராக்கினால் கதைக்கு வசதியாக இருக்கும் என்று தெரிகிறது. மன்னிக்கவும், அவர் அப்படியில்லை.]

5

பதினெட்டு நாள் ஒன்றும் மாட்டவில்லை. பத்தொன்பதாம் நாள் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் ஒருவருடைய அழைப்பு வந்தது. இருபத்தோரு ஆண்டு வாடிக்கையாளர். நான் பார்த்தவற்றிலேயே மிக அடர்ந்த பச்சை. பதிவில் உள்ளபடியே தருகிறேன்.

அக்கா இரண்டு விலைகளையும் சொன்னார். ஆறு வினாடி. சிவப்புக் கோடு.

“சரிம்மா.”

ஒன்பது வினாடி.

“கம்ப்யூட்டர் நின்னு போச்சாம்மா? மெதுவாப் பாருங்க. கடையில யாருமில்ல, எனக்கு அவசரமில்ல.”

“கம்ப்யூட்டர் நல்லாத்தாங்க ஓடுது.”

“அப்ப கார்டு நம்பர் சொல்லட்டுமா?”

“சொல்லலாங்க. அதுக்கு முன்னாடி, வேற ஏதாவது கேக்கணுமா சார்?”

[இது ஒவ்வோர் அழைப்பின் முடிவிலும் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி. அக்கா அதைப் பணம் கட்டுவதற்கு முன்னால் நகர்த்தி வைத்திருக்கிறார். நகர்த்தக்கூடாது என்று விதியில் எங்கும் இல்லை. இரண்டுமுறை தேடிவிட்டேன்.]

“கேக்கணுமே. மணி மூணாகப் போகுது, சாப்பிட்டீங்களாம்மா?”

“சாப்பிட்டேங்க.”

பதினொரு வினாடி. இவ்வளவு நீண்ட மௌனத்தை நான் ஒன்பது ஆண்டுகளில் கேட்டதில்லை. அதன் முடிவில் அக்காவின் குரல், சற்று இறங்கி:

“இன்னொண்ணும் கேளுங்க சார்.”

மதிப்பிற்குரிய வாசகரே, அதுதான் மூன்றாவது.

கடைக்காரர் தயங்கினார். “கோவிச்சுக்காதீங்க. விலை ஏன் ஏறிடுச்சு? நான் எங்கயும் இடிக்கலையே. போன மாசம் நம்ம வீட்டு கேட்லயே லேசா உரசிட்டேன், அதையும் துணி போட்டுத் துடைச்சிட்டேன். அது எப்படியோ உங்க காதுக்கு வந்துடுச்சோன்னு நினைச்சேன்.”

இரண்டாம் திரை திறந்தது. புதிய விலையைக் கேட்டதும் அவர் குரலே மாறிவிட்டது.

“அப்ப இத்தனை வருஷமா நான் கட்டினது?”

நான்கு வினாடி. சிவப்புக் கோடு விழாத மௌனம்.

“அதுக்கு என்கிட்ட பதில் இல்லைங்க சார்.”

“சரி விடுங்க. நீங்க சொன்ன மட்டும் சந்தோஷம்.”

[இவ்வளவு நல்லவர் இருப்பாரா என்று தாங்கள் ஐயுறலாம். எனக்கும் அந்த ஐயம் வந்தது. அவரைச் சற்றுக் கஞ்சராக்கி எழுதிப் பார்த்தேன். கஞ்சராக இருந்திருந்தால் முதல் ஆண்டே கேட்டிருப்பார், கதையே இருந்திருக்காது.]

6

படிவத்தில் கேள்வி இதுதான்: ‘தூண்டினாரா? ஆம் / இல்லை.’ மூன்று முடிவுகள் எழுதினேன்.

முதல் முடிவில் ‘இல்லை’ என்று குறிக்கிறேன். மறுநாள் லிஃப்டில் அக்கா என்னைப் பார்த்துப் புன்னகைக்கிறார். (புன்னகையை அடித்துவிட்டேன். அவருக்கு என்னைத் தெரியாது.)

இரண்டாம் முடிவில் ‘ஆம்’ என்று குறிக்கிறேன். அடுத்த வாரம் ஏழாம் மேசையில் சுறுசுறுப்பான ஒரு புதுக்குரல். விலையைச் சொன்ன மூச்சிலேயே கார்டு எண்ணைக் கேட்கிறது. மௌனம்: பூஜ்யம். மதிப்பெண்: நூற்றுக்கு நூறு. இதை எழுதி முடித்தபின் சற்று நேரம் எழுந்து நடந்தேன்.

மூன்றாம் முடிவில், குறிப்புகள் கட்டத்தில் நான் எழுதியதைப் படித்து நிர்வாகம் மனம் மாறுகிறது. விதி நீக்கப்படுகிறது, பச்சைப் புள்ளிக்காரர்கள் அனைவருக்கும் விலை குறைகிறது. இதை என் மனைவியிடம் காட்டினேன்.

“இது எந்தக் கம்பெனிங்க? நம்ம வண்டியையும் அங்க மாத்திடலாமே.”

“கதைதானே.”

“கதை சரி. அச்சுல வந்தா உங்க குழுத் தலைவர் படிக்கமாட்டாரா? அந்தப் பொண்ணு கதி என்ன ஆகும்?”

பேனாவை மூடிவைத்துவிட்டேன்.

7

ஆகவே எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன். மேசை எண் ஏழு அன்று. அக்கா என்பவர் அண்ணனாகவும் இருக்கலாம். கடைக்காரர் விற்பது மூக்குக்கண்ணாடி அன்று. ‘பதிவில் உள்ளபடியே’ என்று நான் எழுதியது பொய். எங்கள் அலுவலகத்தார் யாரேனும் ‘இன்னொண்ணும் கேளுங்க’ என்ற வாக்கியத்தைப் பதிவுகளில் தேடினால் அகப்படாது. உண்மையில் சொல்லப்பட்டது அதைவிடச் சிறியது. நாற்பது முறை திருப்பிக் கேட்டவனுக்கு மட்டுமே தட்டுப்படும்.

நான் குறித்தது ‘இல்லை’ என்று இங்கே எழுதினால், யாரோ எங்கோ பொய்யாகக் குறித்திருக்கிறார் என்று எல்லா மேசைப் பதிவுகளையும் முதலிலிருந்து கேட்பார்கள். ‘ஆம்’ என்று எழுதினால், தாங்கள் என்னை என்ன நினைப்பீர்கள் என்பது எனக்குத் தெரியும். இரண்டையும் எழுதாமல் விடுவதே அவருக்கு நான் செய்யக்கூடிய மரியாதை என்று படுகிறது.

படிவத்தை அனுப்பிவிட்டேன் என்பது மட்டும் உண்மை. அதன்பின் ஒரு வாரம் கழித்து, இன்று காலை, முதன்முறையாக இரண்டாம் மாடியில் இறங்கினேன். முப்பது பேர் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். விலைகள், கார் எண்கள், நன்றிகள். தடுப்புகளுக்கு மேலாக யார் முகமும் தெரியவில்லை. அந்த இரைச்சலின் நடுவே ஓரிடத்தில் மட்டும் பேச்சு இல்லை. அங்கே நாற்காலி காலியாகக் கிடந்ததா, அல்லது ஒருவர் விலையைச் சொல்லிவிட்டுக் காத்துக்கொண்டிருந்தாரா என்பதைத் தாங்களே முடிவு செய்துகொள்ளுமாறு பணிவன்புடன்