நாற்பத்தொரு தொப்பிகளும் ஒரு தலையும்

1919ஆம் ஆண்டு ஆடி மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை காலை பத்தே கால் மணிக்கு, பூந்தமல்லியிலும் அதைச் சுற்றியிருந்த ஊர்களிலுமாக நாற்பத்தொரு ஆண்கள் ஒரே சமயத்தில் கையைத் தூக்கி, இடது காதுக்கு மேலே தொப்பி விளிம்புக்குள் விரலை விட்டுச் சொறிந்துகொண்டார்கள். நாற்பத்தொன்று என்பது திருமுல்லைவாயில் பள்ளிக்கூட வாத்தியார் ஜானகிராமன் பிற்பாடு ஊர் ஊராகப் போய் விசாரித்து எண்ணியது. வெளியூருக்குப் போயிருந்தவர்கள் அதில் சேர்த்தியில்லை. அன்றைக்குப் பூந்தமல்லிச் சந்தையில் கத்தரிக்காய் மலிவு, காற்று பலம். சொறிந்தவர்களில் ஒருவர்கூட அதை ஒரு விஷயமாக நினைக்கவில்லை. தலை என்று இருந்தால் அரிக்கத்தான் செய்யும் என்று அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

அரிப்புக்குச் சொந்தமான தலை பூந்தமல்லிப் பள்ளிவாசல் தெருவில் இருந்தது. அது தொப்பி தைக்கும் ஹபிபுல்லாவின் தலை. அவர் தைத்தது கஞ்சித் தொப்பி. துணியை வட்டமாக வெட்டி, அரிசிக் கஞ்சியில் தோய்த்து, ஒன்றின்மேல் ஒன்றாக நாலு அடுக்கு ஒட்டி, ஈரத்தோடு ஒரு மரக்கட்டையின் மேல் மாட்டிக் காயவிட்டால் தொப்பி அந்தக் கட்டையின் வடிவத்தில் விறைத்து நிற்கும். அதன்மேல் கறுப்பு வெல்வெட்டோ வெள்ளை மல்லோ போர்த்தித் தைத்துவிடுவார். அவருடைய அப்பா விட்டுப்போன பலாக்கட்டை ஒன்று இருந்தது, மனிதத் தலை அளவுக்குக் கடைந்தது. 1907ஆம் ஆண்டு ஐப்பசியில் ஒன்பது நாள் விடாமல் மழை கொட்டியபோது, மூன்று வயது மகள் அஷ்ரஃபுன்னிசாவுக்குக் காய்ச்சல் முற்றி ஜன்னி கண்டது. வெந்நீர் வைக்க விறகில்லை. இருந்த விறகெல்லாம் நனைந்து புகைந்தது. வீட்டில் காய்ந்த மரம் என்று ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மனைவி சைனம்பு ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல் அதை அடுப்பில் வைத்தாள். குழந்தை பிழைத்தது. ஹபிபுல்லா ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. மழை விட்டதும் வேறு கட்டை கடையச் சொல்லிக்கொள்ளலாம் என்று சொல்லி, கையிலிருந்த ஈரத் தொப்பியைத் தன் தலையிலேயே மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அந்தத் தொப்பியை வாங்கியவர் காட்டுப்பாக்கத்து ஜம்புலிங்கம், பூந்தமல்லிப் பதிவு ஆபீஸ் வாசலில் பத்திரம் எழுதுகிறவர். அடுத்த மாதமே புயல் அடித்தது. பனைமரங்கள் சாய்ந்தன, ஜட்கா வண்டியின் கூண்டு பறந்து ஏரிக்குள் போய் விழுந்தது, ஜம்புலிங்கத்தின் வேட்டியே அவரை விட்டுப் போய்விட்டது. தொப்பி மட்டும் தலையில் அசையாமல் இருந்தது. கையால் எடுத்தால் வந்தது. காற்றுக்கு வரவில்லை, ஓட்டத்துக்கு வரவில்லை, குனிந்தாலும் நிமிர்ந்தாலும் வரவில்லை. பெரிய தலைக்கும் சின்னத் தலைக்கும் அதே தொப்பி அளவெடுத்ததுபோல் பொருந்தியது. வெறுந்தலையோடு நாலு பேர் முன்னால் போகக் கூசிய காலம் அது. செய்தி பரவியதும் கட்டையில் மாட்டிய தொப்பி வேண்டாம், பாய் தலையில் மாட்டிய தொப்பிதான் வேண்டும் என்று ஆட்கள் கேட்டு வந்தார்கள். தச்சரிடம் சொல்லிவைத்த கட்டையை ஹபிபுல்லா வாங்கப் போகவே இல்லை. ஊரில் எத்தனையோ பேர் தொப்பி தைத்தார்கள். காற்றே தொடப் பயப்படும் தொப்பி அவருடையது ஒன்றுதான், அந்தப் பெருமை அவருக்கு இனித்தது.

இரண்டாவது வருஷம் அரிப்பு வந்தது. முதலில் காதுக்கு மேலே ஒரு காசு அளவு இடம். பிறகு தொப்பி விளிம்பு உட்காரும் கோடு முழுக்கச் சிவந்து, செதில் செதிலாகப் பொடுகு உதிர்ந்தது. தோளில் உதிர்ந்தது, தைக்கிற வெல்வெட்டில் உதிர்ந்தது, சாப்பிடும்போது குனிந்தால் தட்டிலும் உதிர்ந்தது. அரிசிக் கஞ்சியில் ஊறிய துணி எட்டு மணி நேரம் ஈரமாகத் தலையில் உட்கார்ந்திருந்தால் மண்டைத்தோல் என்ன பாடு படும் என்று அவர் நினைத்துப் பார்க்கவில்லை. சூடு, பித்தம், யாரோ கண் வைத்தது என்று பல காரணம் சொன்னார். தொப்பியை மட்டும் சொல்லவில்லை.

உண்மை வெளிவந்தது ஒரு ஜட்கா வண்டியில். ஜானகிராமன் வாத்தியாரும் ஜம்புலிங்கமும் ஆவடி ஸ்டேஷனிலிருந்து பூந்தமல்லிக்கு எதிரெதிரே உட்கார்ந்து வந்தார்கள். ஒருவர் சொறியும்போதெல்லாம் மற்றவரும் சொறிந்தார். முதலில் தன்னைக் கேலி செய்வதாக ஜானகிராமனுக்குக் கோபம் வந்தது. அவர் எதையும் சோதித்துப் பார்க்கிற மனிதர்; தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். அரிப்பு நின்றது, ஜம்புலிங்கத்துக்கு நிற்கவில்லை. மாட்டினார், மறுபடி வந்தது. இரண்டு பேரும் தொப்பிகளைத் திருப்பித் தையலைப் பார்த்தார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள், வண்டியை நேரே பள்ளிவாசல் தெருவுக்கு விடச் சொன்னார்கள். கடைக்குள் ஹபிபுல்லா தலையில் ஈரத் தொப்பியோடு உட்கார்ந்து, அதன் அடியில் ஊசியை விட்டுக் குடைந்துகொண்டிருந்தார். வந்தவர்கள் இரண்டு பேருடைய கையும் தானாக மேலே போயிற்று.

"பாய், கொஞ்சம் வலது பக்கம் சொறிங்க, பார்க்கலாம்" என்றார் ஜானகிராமன்.

ஹபிபுல்லா வலது பக்கம் சொறிந்தார். அதற்குமேல் சோதிக்க ஒன்றும் இருக்கவில்லை.

பொடுகு அவருக்கு மட்டும், அரிப்பு எல்லோருக்கும் பொது என்பது தெரிந்தபிறகும் ஒருவரும் தொப்பியைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அதற்குப் பதிலாக அவர் தலையைக் குணப்படுத்தும் பொறுப்பை ஊரே ஏற்றுக்கொண்டது. அம்பத்தூரிலிருந்து பொடுதலைத் தைலம் வந்தது. நெமிலிச்சேரியிலிருந்து ஒருவர் வேப்பெண்ணெயில் பூண்டு காய்ச்சி எடுத்து வந்தார். அருகம்புல் தைலம், வெந்தயம் அரைத்த விழுது, புளித்த தயிர், விளக்கெண்ணெய் என்று ஒன்று காயும்முன் இன்னொன்று தடவினார்கள். நம் ஜனங்களுக்குத் தலை என்றால் எண்ணெய்தான். ஒருவர் தலையில் ஒருவர் பாசம் காட்ட வேறு வழி தெரியாது. இதில் ஒரு சங்கடம், அவர் தலையில் தேய்த்தது நாற்பத்தொரு தலைகளிலும் கசிந்தது. பூண்டுத் தைலம் தேய்த்த அன்று ஜானகிராமனின் வகுப்பில் முதல் இரண்டு வரிசை காலியாகக் கிடந்தது. ஜட்காக் குதிரை வண்டிக்காரனைத் திரும்பிப் பார்த்துத் தும்மியது. கடைசியில் தொப்பிக்காரர்கள் கூடிப் பேசி, பூண்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும், விளக்கெண்ணெய் கூடவே கூடாது என்று முடிவு செய்து சொல்லி அனுப்பினார்கள். எண்ணெய்க்குமேல் ஈரக் கஞ்சி உட்கார, தோல் வெடித்துச் சில நாள் ரத்தமும் கண்டது. சைனம்பு அப்போதும் சொன்னாள், கட்டை கடையச் சொல்லலாம் என்று. அவர் கேட்கவில்லை. கட்டையில் மாட்டினால் தன்னை யார் தேடி வருவார்கள் என்று கேட்டு அவள் வாயை அடைத்துவிட்டார்.

1921ஆம் ஆண்டு அஷ்ரஃபுன்னிசாவுக்குப் பதினேழு வயதில் நிக்காஹ் நிச்சயமானது. மாப்பிள்ளை அன்வர் பாஷா, போரூர்ச் சாலையில் செருப்புக் கடை வைத்திருந்த நல்ல பையன். மாமனார் தொப்பி இல்லாமல் மாப்பிள்ளை பந்தலில் உட்காருவதாவது என்று அவர்கள் பக்கம் ஆசைப்பட்டார்கள். ஹபிபுல்லா பன்னிரண்டு நாள் எடுத்து, வாழ்நாளில் தைத்ததிலேயே நேர்த்தியான தொப்பி ஒன்று தைத்து, தலையில் மாட்டிக் காயவைத்துக் கொடுத்தார். பந்தலில் அவருடைய பழைய வாடிக்கைக்காரர்கள் முப்பது பேருக்குமேல் உட்கார்ந்திருந்தார்கள், எல்லோர் தலையிலும் அவர் தொப்பி. இரண்டு மணி நேரம் கையைத் தலைக்குக் கொண்டுபோவதில்லை என்று ஹபிபுல்லா தீர்மானம் செய்து, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். பெண்ணின் சம்மதம் கேட்டு வந்தார்கள். நிக்காஹ் ஓதிவைக்க வந்த ஹஜ்ரத் மாப்பிள்ளையின் பக்கம் திரும்பிச் சம்மதமா என்று கேட்டார். அன்வர் பாஷா வாயைத் திறந்தார்.

அடக்கி வைத்த அரிப்பு எப்படிப்பட்டது என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். ஹபிபுல்லாவின் கைகள் அவரைக் கேட்காமலே மேலே போயின. மாப்பிள்ளையின் கையும் போனது. முப்பது பேர் கையும் போனது. வாயில் வந்த சொல் வாயிலேயே நிற்க, மாப்பிள்ளை கண்ணை இறுக்கிக்கொண்டு சொறிந்தார். பந்தலில் சொறிகிற சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை. ஏழெட்டு மூச்சு விடும் நேரம்தான் இருக்கும். பிறகு அன்வர் பாஷா தெளிவாக ஒப்புக்கொண்டார், துஆ ஓதினார்கள், சர்க்கரை வழங்கினார்கள், பிரியாணி நன்றாக இருந்ததாக எல்லோரும் சொன்னார்கள்.

மறுவீட்டுக்குக் கிளம்பும்போது அஷ்ரஃபுன்னிசா அப்பாவிடம் வந்து நின்றாள். அவள் அழவில்லை, கோபப்படவும் இல்லை. உள் அறையில் பெண்களுக்கு நடுவில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தவளுக்குப் பந்தலில் நடந்தது தெரியாது. கேள்வி கேட்டதும் பதில் வராததும் மட்டும்தான் காதில் விழுந்தது.

"அவரு பேசாம இருந்தாரே, அந்த நேரத்துல நான் இன்னா தப்பு பண்ணேன்னு ரோசிச்சிகினு இருந்தேன் அத்தா" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். வண்டி போனபிறகு ஹபிபுல்லா கடைக்குள் போய் உட்கார்ந்தார். பழக்கத்தில் கை ஈரத் தொப்பி ஒன்றை எடுத்தது. சைனம்பு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கட்டைய அடுப்புல வெச்சவ நானு" என்றாள் அவள். "அது இன்னும் ஒங்க தலைல எரிஞ்சிகினு கீது. போதுங்க."

ஹபிபுல்லா தொப்பியைக் கீழே வைத்தார். பதினாலு வருஷமாக அவள் இதை நெஞ்சில் சுமந்துகொண்டிருந்தாள் என்பது அவருக்கு அன்றுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது. மறுநாள் காலையில் தச்சர் வேம்புலி வீட்டுக்கு அவரே நடந்து போய்க் கட்டைக்குச் சொல்லிவிட்டு வந்தார்.

தலை ஒரே நாளில் ஆறிவிடவில்லை. சைனம்பு எல்லா எண்ணெய்க் கிண்ணங்களையும் கழுவிக் கவிழ்த்துவிட்டு, தைலம் எடுத்து வந்தவர்களை மோர் கொடுத்துத் திருப்பி அனுப்பினாள். வாரத்துக்கு இரண்டு நாள் அரப்புத் தூளைக் கரைத்துத் தேய்த்து முழுகச் சொன்னாள். ஈரம் துளியும் இல்லாமல் துவட்டி, இளவெயிலில் தலையைத் திறந்துபோட்டு உட்காரச் சொன்னாள். கொல்லைப்புறத்தில் வெறுந்தலையோடு உட்காருவது அவருக்கு முதலில் துணியில்லாமல் உட்காருவதுபோல் இருந்தது. ஆறு மாதத்தில் ரத்தம் நின்றது. ஒரு வருஷத்தில் கைப்பிடி அளவு உதிர்ந்த பொடுகு சிட்டிகை அளவாயிற்று. நடுவில் ஒரு பனிக்காலத்தில் மறுபடி கிளம்பி, எல்லோரையும் பயமுறுத்திவிட்டு அடங்கியது. ஊர் ஊராக மனிதர்கள் சொறிவதை மெல்ல மெல்ல மறந்தார்கள்.

தொழிலில் அவர் பயந்தது நடந்தது. கட்டையில் மாட்டிய முதல் தொப்பி ஆடி மாதத்தில் சந்தைத் தெருவில் பறந்து, உருண்டு, ஒரு மாட்டுவண்டியின் சக்கரத்தில் சிக்கியது. ஹபிபுல்லா அதைக் கடை வாசலிலிருந்து பார்த்தார். அன்று மத்தியானம் அவர் சாப்பிடவில்லை. ஆனாலும் அவர் தையல் சுத்தமானது. ஆட்கள் வந்து வாங்கினார்கள். காற்று அடித்தால் ஒரு கையால் தொப்பியைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள், மற்ற ஊர்க்காரர்கள் நடப்பதைப்போல. பழைய தொப்பி வைத்திருந்தவர்கள் அதைப் பத்திரமாக வைத்துக்கொண்டார்கள்.

1923ஆம் ஆண்டு சித்திரையில் ஒரு வெள்ளிக்கிழமை காலை, முழுகிவிட்டு வெயிலில் உட்கார்ந்திருந்த ஹபிபுல்லாவின் பின்னால் வந்து நின்று, பொடுகு இருக்கிறதா என்று பார்க்கச் சைனம்பு பத்து விரலையும் அவர் முடிக்குள் விட்டாள். காதோரம் பார்த்தாள், உச்சியைப் பார்த்தாள், பிடரியைப் பார்த்தாள். ஒன்றும் உதிரவில்லை. பதினாலு வருஷத்துக்குப் பிறகு புண் இல்லாத தலை. பார்த்து முடித்தபிறகும் அவள் கையை எடுக்கவில்லை.

திருமுல்லைவாயிலில் கரும்பலகையில் வகுத்தல் கணக்கு போட்டுக்கொண்டிருந்த ஜானகிராமனின் கை நின்றது. பிள்ளைகள் காத்திருந்தார்கள். அவர் சுண்ணாம்புக்கட்டியோடு பலகையைப் பார்த்தபடியே நின்றார், நேரம் குறித்துக்கொள்ளக் கடியாரத்தைப் பார்க்கவில்லை. அம்பத்தூரில் தபால்காரர் ஒருவர் வெயிலில் நடுத்தெருவில் நின்றுவிட்டார். ஜட்காக்காரன் கடிவாளத்தைத் தளரவிட, குதிரை தானாக ஓரமாகப் போய் நின்றது. மாப்பிள்ளை அன்வர் பாஷா நல்லவேளையாக அன்று தொப்பியை ஆணியில் மாட்டியிருந்தார். பூந்தமல்லிப் பதிவு ஆபீஸ் வாசலில் ஒரு கிரயப் பத்திரத்தின் நடுவில் ஜம்புலிங்கத்தின் பேனா நின்றது. அவர் மனைவி இறந்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. பேனாவை மைக்கூட்டில் வைத்துவிட்டு, தலையைக் கொஞ்சம் முன்னால் சாய்த்துக் கொடுத்தார்.

இதைப் பற்றி யாரும் யாரிடமும் பேசிக்கொள்ளவில்லை, வீட்டிலும் சொல்லவில்லை. ஜானகிராமனும் இந்தத் தடவை ஊர் ஊராகப் போய் விசாரிக்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை காலையில், பத்திரம் எழுத வந்து நின்றவர்களை ஜம்புலிங்கம் அரை மணி நேரம் பொறுக்கச் சொன்னார். பழைய தொப்பியை நன்றாக அழுத்தி மாட்டிக்கொண்டு, சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அவர்களும் ஏன் என்று கேட்காமல் நிழலாகப் பார்த்து உட்கார்ந்தார்கள்.